தூக்குவாளியில் இரண்டு வருடம்

அந்தக் கல்லூரியில் ஒருவர் சொன்ன 'உள்ளேன் ஐயா', அவர் சொன்ன வகுப்பறையிலேயே தங்கிவிடும். படிப்பைப் பாதியில் விட்டு வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் தொடர விரும்புகிறவர்கள், அவற்றைப் பிடித்து, மூடியுள்ள ஒரு பாத்திரத்தில் அடைத்து, எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. கிரெடிட் என்ற சொல்லை அந்தக் கல்லூரியில் எப்போதோ ஒருவர் வரவு என்று தமிழில் எழுதிவிட்டார். வரவு என்றால் வந்தது. வந்ததற்குச் சாட்சி 'உள்ளேன் ஐயா'. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

சுகிர்தா தன் மாமியாரின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் இறுக்கமாக மூடக்கூடிய பாத்திரம் அது ஒன்றுதான். பால் வாங்குகிற வாளி. "சாயந்திரத்துக்குள்ள கொண்டு வந்திரணும்" என்று மாமியார் வாசலில் நின்று சொன்னாள்.

சுகிர்தா அந்தக் கல்லூரியில் பொருளாதாரம் இரண்டு வருடம் படித்தவள். விடியற்காலையில் முந்திரி ஆலையில், அந்தப் பக்கத்தார் சொல்வதுபோல் அண்டியாபீஸில், கொட்டை உடைத்துவிட்டு, முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களோடு முதல் பேருந்தைப் பிடித்துப் போவாள். மூன்றாம் வருடம் தொடங்குவதற்குள் அம்மா படுத்துவிட்டாள். படிப்பு நின்றது. பிறகு அவளை எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே பால் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக வேலை. இப்போது சங்கத்தில் செயலாளர் பதவி காலியாகப் போகிறது. அதற்குப் பட்டம் வேண்டும். பழைய இரண்டு வருடத்தை ஏற்றுக்கொண்டால் இன்னும் ஒரு வருடம் படித்தால் போதும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். பல்கலைக்கழகத்தில் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

கல்லூரியில் வரவு மாற்றுப் பிரிவைக் கவனித்தவர் ஜெபமணி என்ற எழுத்தர். அவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, சாவிக்கொத்தோடு அவளைப் பழைய வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ இருந்த பெஞ்சிலயே இரு. வாளியைத் திறந்து மடியில வை. நான் ஒனக்க பேரைச் சொல்ல மாட்டேன், கேட்டியா? நம்பரைத்தான் கூப்பிடுவேன்."

"அது ஏன் சார்?"

"பேரைச் சொன்னா, சொன்னவன் மேலதான் வந்து ஒட்டும். நாலஞ்சு ஒட்டினா போதும், ஆள் வாத்தியாராயிருவான். போன வருசம் நாக்குத் தவறி ஒரு பயலுக்க பேரைச் சொல்லிட்டேன். ரெண்டு வாரம் வீட்ல இருந்து பண்டமாற்று முறைன்னு பாடம் நடத்தினேன். வீட்டுக்காரி நோட்டுப் போட்டு எழுதினா."

அவர் "முப்பத்தொண்ணு" என்றார். கரும்பலகைக்கு மேலிருந்தும் ஜன்னல் இடுக்கிலிருந்தும் அவளுடைய குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து வாளியில் விழுந்தன. சில தூக்கக் கலக்கத்தில் இருந்தன. மழையில் நனைந்து வந்தவை சில. ஒன்று வாயில் மரச்சீனிக் கிழங்கோடு வந்தது. கடைசியாக, அவளுடையது அல்லாத குரல் ஒன்றும், பல நாட்களுடையது ஒரே கட்டியாகச் சேர்ந்து, சொத்தென்று விழுந்தது. அது ஜெனோவாவின் குரல். ஆலையில் சரக்கு அதிகமாக வந்த நாட்களில் சுகிர்தாவால் கல்லூரிக்குப் போக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெனோவா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவளுக்காகவும் ஒரு 'உள்ளேன் ஐயா' சொல்லிவிடுவாள்.

"அது ஒன்னுது இல்லியே" என்றார் ஜெபமணி.

"எனக்க கூட்டுக்காரியுது, சார்."

"ஒனக்க நம்பருக்குத்தான் வந்திருக்கு. கொண்டு போ."

எல்லைச் சோதனைச் சாவடியில் காவலர் வாளியைத் தட்டிப் பார்த்தார்.

"பாலா?"

"வரவு."

"எந்தப் பாடம்?"

"பொருளாதாரம்."

"அப்ப போங்க. வேதியியல்னா தனி பெர்மிட் வேணும்."

பல்கலைக்கழகத்தில் அதற்கான கவுண்டரில் இருந்தவர் விலாசினி, மலையாளம் கலந்த தமிழில் பேசுகிறவர். அந்த ஊர் அலுவலகங்களில் பெண் அதிகாரிகளையும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வரிசையில் நின்றவர்கள் கையில் எவர்சில்வர் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், குக்கர் எல்லாம் இருந்தன. ஒருவர் பிளாஸ்டிக் குடத்தில் கொண்டுவந்திருந்தார். அவர் தொல்லியல். முகப்பில் டோக்கன் கொடுத்தார்கள். டோக்கனைக் கூப்பிட்டதும் சுகிர்தா வாளியை நீட்டினாள். விலாசினி மூடியை லேசாகத் திறந்து காதை வைத்துக் கேட்டார்.

"'உள்ளேன்'னு சொல்லுது. எங்கே உள்ளது?"

"எனக்க காலேஜ்ல, சாரே."

"அப்போ நீங்கள் அங்கே உள்ளீர்கள். அங்கே உள்ள ஆளை நான் இங்கே எப்படிச் சேர்க்கும்?"

"நான் இங்கதானே நிக்கேன்."

"நீங்கள் நிற்பது எனக்குக் காண முடியும். ஆனா, வாளி பறையறது வேறே. அங்கே இல்லைன்னு ஒரு சான்று வாங்கி வாங்கோ." விலாசினி மூடியை அழுத்தி மூடினார். "அடுத்தது!"

அன்று மாமியார் பாலை ஒரு சொம்பில் வாங்கிக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். வாளி சமையலறை மேடையில் இருந்தது. அதைக் கடந்து போகிறவர்கள் யாராவது "எங்கே அந்த உப்பு ஜாடி?" என்று கேட்டால், உள்ளிருந்து பதில் வந்தது. அது உப்பு ஜாடியின் பதில் அல்ல என்பதால் யாருக்கும் உதவவில்லை.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி மறுபடியும் கல்லூரிக்குப் போனாள். இல்லாமைச் சான்று கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. ஜெபமணி அதே வகுப்பறைக் கதவருகே நின்று, சத்தமாக "முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு" என்றார். பக்கத்திலேயே நின்ற சுகிர்தா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அறை பேசவில்லை. ஜெபமணி எழுதி, முத்திரை குத்தி, தாளை மேஜையில் வைத்தார்.

"சார், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

தாளில் மை காய்ந்துவிட்டிருந்தது. ஜெபமணி அவள் நின்ற இடத்தின் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தார். வாசலில் காவல்காரர் அவளுக்காகக் கேட்டைத் திறக்கவில்லை. அங்கே இல்லாத ஆளுக்கு அவர் எதற்குத் திறக்க வேண்டும்? சுகிர்தா மைதானத்தைச் சுற்றிப் போய், மதில் இடிந்திருந்த இடத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி சிந்தாமல் வெளியே இறங்கினாள்.

விலாசினி சான்றை இரண்டு தடவை படித்தார்.

"இது சரி. அங்கே நீங்கள் இல்லை. ரொம்ப சரி. ஆனா, அங்கே இல்லாத ஆளுக்கு அங்கே எப்படி ரெண்டு வருஷ வரவு?"

சுகிர்தா வாளியையும் தாளையும் மாறி மாறிக் காட்டினாள்.

"அது அப்போ, சாரே. இது இப்போ."

"வாளிக்குள்ளே அப்போ இப்போ உண்டோ? கேட்டுப் பாருங்கோ. 'இருந்தேன் ஐயா'ன்னா சொல்லுது? 'உள்ளேன்'. நீங்கள் மட்டும் அன்னிக்கு 'இருந்தேன் ஐயா'ன்னு சொல்லியிருந்தா இந்த நிமிஷம் முடிச்சுத் தந்திருப்பேன்."

"பேரைக் கூப்பிடும்போது எவளாவது 'இருந்தேன்'னு சொல்லுவாளா?"

"மேல்படிப்பை நினைக்கிறவங்க யோசிச்சுச் சொல்லணும்." விலாசினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. வரிசையில் பின்னால் நின்ற தொல்லியல்காரரின் குடத்தைத் தன் மேஜைக்கு அடியில் வெயில்படாமல் வைத்துக்கொள்ளக்கூட இடம் கொடுத்திருந்தார். "ஒரு வழி உண்டு. இது பாதிதான் உங்களுடையது. உள்ளேன் உங்களுடையது. ஐயா உங்களுடையது இல்லல்லோ? அந்த ஐயாவைக் கொண்டு வாங்கோ. அவர் ஏத்துக்கொண்டால் எங்கே, எப்போன்னு நாங்கள் கேட்கிறதில்லை."

"எப்ப கொண்டு வரணும்?"

"நாளைக்கு. நாளைக்கு வெள்ளியாழ்ச்சயல்லே. அடுத்தது!"

ஐயாவின் பெயர் சிவதாணு. அவர் சுகிர்தாவின் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தவர். இப்போது அந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் நன்னாரி சர்பத் கடை வைத்திருந்தார். சுகிர்தா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"பிள்ளே, அந்த ஐயா எனக்கு நிரந்தரமாத் தந்தது இல்ல. வருசா வருசம் மே மாசம் ஆபீஸ்ல திருப்பி ஒப்படைக்கணும். ஜூன்ல மறுபடி தருவாங்க. ஒரு ஜூன்ல போய் நின்னேன். இல்லைன்னுட்டாங்க. இப்ப எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதாங்க."

"நான் உள்ளேன் அண்ணாச்சின்னு சொல்லல்லியே, ஐயா."

சிவதாணு பிழிவதை நிறுத்தினார். கடையில் நின்ற ஒருவர், "அண்ணாச்சி, எனக்கு ஐஸ் வேண்டாம்" என்றார்.

"பாத்தியா?" என்றார் சிவதாணு. "அது போயாச்சு." ஆனால் கையைத் துடைத்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு திறந்து காட்டு, கேப்போம்" என்றார்.

சுகிர்தா மூடியை விரல் அளவுக்கு நகர்த்தினாள். மழையில் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு 'உள்ளேன் ஐயா' எட்டிப் பார்த்தது. சிவதாணுவின் தலை தானாக ஆடியது, அந்த நாளில் வருகைப் பதிவேட்டில் கோடு போடும்போது ஆடியது மாதிரியே. அவர் வெட்கப்பட்டுப்போய்ச் சர்பத் பாட்டில்களை வரிசையாக நகர்த்தி வைத்தார்.

"பைய, மூடி வை. நாளைக்குக் கடையை அடைச்சிட்டு வாரேன்."

வெள்ளிக்கிழமை அவர் பழைய வெள்ளைச் சட்டையில் வந்தார். சட்டைப் பையில் இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. அவர்களுடைய டோக்கன் வரும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்தபோது, முத்திரையை வைத்திருப்பவர் தன் வரவை ஒப்படைக்க வேறொரு கவுண்டரில் வரிசையில் நிற்பதாகச் சொன்னார்கள். அவர் வந்து சேரும்போது, மாமியார் மூன்றாவது தடவையாகக் கைபேசியில் கூப்பிட்டு வாளியை விசாரித்துவிட்டிருந்தாள்.

விலாசினி சிவதாணுவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வாளியை அவர் பக்கமாகச் சாய்த்தார். ஒரு 'உள்ளேன் ஐயா' வெளியே வந்து, அவருடைய முகத்துக்கு நேராகப் போய், காதைத் தாண்டி, பின்னாலிருந்த பீரோவில் முட்டி, மறுபடியும் வாளிக்குள் திரும்பி வந்தது. சிவதாணு தலையை ஆட்டினார்.

"ஒட்டவில்லை" என்றார் விலாசினி.

"தலையாட்டுதாரே, சாரே!"

"தலை யாரும் ஆட்டலாம். ஒட்டணும்." அவர் வாளியின் அடியில் காதை வைத்தார். நெற்றி சுருங்கியது. "இது யாரு? அடியிலே ஒரு குரல், வேறே குரல். கொஞ்சம் கரகரப்பு."

"ஜெனோவா. நான் வராத அன்னைக்கு எனக்காகச் சொன்னா."

"அவங்க எங்கே?"

"குவைத்துல. நர்ஸ்."

"அப்போ அந்த நாட்களைக் குவைத்துக்கு மாற்றணும். அது வெளிநாட்டுப் பிரிவு. மேல் மாடி. திங்களாழ்ச்ச திறக்கும்."

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சுகிர்தா கவுண்டரின் மரப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சாரே, நான் ஒண்ணு கேக்கட்டுமா? நான் அங்க இருந்தா இங்க இல்லைங்கிறீங்க. அங்க இல்லைன்னு எழுதிக் கொண்டு வந்தா வரவே இல்லைங்கிறீங்க. ஐயாவைக் கேட்டீங்க, கடையை அடைச்சுக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஐயா இல்லைங்கிறீங்க. கூட்டுக்காரியைக் குவைத்துக்கு அனுப்புங்கிறீங்க, அவ அங்கதான் இருக்கா. விடியக்காலம் அண்டி உடைச்சிட்டு, கை எரிச்சல் அடங்காம வந்து சொன்ன உள்ளேன் சாரே, இது முழுக்க. மூணு நாளா வந்து நிக்கேன். நீங்க ஒரு தடவை எனக்க பேரைச் சொன்னீங்களா? டோக்கன் நம்பரு, டோக்கன் நம்பரு. பேரைக் கூப்பிடாம ஒரு மனுசி எப்படிப் பதில் சொல்லுவா? கூப்பிட்டுப் பாருங்க. பதில் வரல்லைன்னா இந்த வாளியை இங்கயே கவுத்திட்டுப் போயிருதேன்."

பெயரைச் சொன்னால் சொன்னவர் மேல் ஒட்டும் என்று ஜெபமணி சொன்னது அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை.

விலாசினி வரிசையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அழுத்தமில்லாத குரலில், சும்மா படிப்பதுபோல், "சுகிர்தா" என்றார்.

'உள்ளேன் ஐயா' என்றது வாளி. முதல் நாள் குரல் அது. கடைசி எழுத்து பயத்தில் தேய்ந்து போயிருந்தது. அது விலாசினியின் வலது தோளில் வந்து ஒட்டியது.

"சுகிர்தா" என்றார் விலாசினி மறுபடியும்.

'உள்ளேன் ஐயா.' மரச்சீனிக் கிழங்கு. அது கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியது.

பிறகு நிறுத்த முடியவில்லை. விலாசினி பெயரைச் சொல்லச் சொல்லக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. ஜலதோஷம் பிடித்தவை வந்தன, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னவை வந்தன. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக வந்த நாளின் குரல் வந்தது. அதைச் சொன்னவளுக்கு அன்று தன் பெயர் கூப்பிடப்பட்டதே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்து நாற்காலியில் சிவதாணு தலையை ஆட்டினார். கடைசி நாளின் குரல், அதுதான் கடைசி என்று தெரியாமல், சாதாரணமாக வந்து, விலாசினியின் முந்தானையில் உட்கார்ந்தது. அவருடைய முதுகு நிமிர்ந்திருந்தது. கை மேஜையில் எதையோ தேடியது. சாக்குக்கட்டி இல்லை; முத்திரைதான் அகப்பட்டது.

"ரெண்டு வருடமும் வரவு" என்று சுத்தமான தமிழில் சொல்லி, விலாசினி முத்திரையைக் குத்தினார். சுகிர்தா தாளை வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

விலாசினி எழுந்து நின்றார். "நேற்று எங்கே விட்டோம்?" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. டப்பாக்களையும் குக்கர்களையும் சுவரோரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். தொல்லியல்காரர் குடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். நாற்காலியிலிருந்து இறங்கி முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த சிவதாணு கையை உயர்த்தினார்.

"தேவையும் அளிப்பும், ஐயா."

"சரி. முதலில் வருகைப் பதிவு."

விலாசினி டோக்கன் வரிசைப்படி எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டார். சுகிர்தாவின் முறை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன், வாளியின் அடியில் மிச்சமிருந்த ஜெனோவாவின் குரல், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றது. விலாசினி கோடு போட்டார்.

வரவு விழுந்துவிட்டது. இனி அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விலாசினி சுவர்ப் பக்கம் திரும்பி விரலால் தேவைக் கோட்டை வரைந்துகொண்டிருந்தபோது, சுகிர்தா வாளியை எடுத்துக்கொண்டு குனிந்தபடியே பின்கதவு வழியாக வெளியே வந்தாள். பேருந்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தது. பாதி வழியில் குவைத்திலிருந்து கைபேசி அழைப்பு வந்தது. முதலில் வெறும் காற்றுச் சத்தம். பிறகு ஜெனோவா ரகசியம் பேசுவதுபோல் கேட்டது.

"ஏட்டி, எனக்க தொண்டை அடைச்சுப் போச்சு. பேசப் பேச சத்தமே வரல்ல. நீயா எடுத்தே?"

"ஆமா. வாளியில ஒண்ணு மிச்சம் கிடந்தது."

"எந்தக் கிளாஸ்?"

"எகனாமிக்ஸ்."

"சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க."

"கொள்ளாம், நல்லதாப் போச்சு" என்றாள் ஜெனோவா. கொஞ்ச நேரம் இருமினாள். "நாளைக்கு எனக்குக் காலை டூட்டி. ஹெட்நர்ஸ் எங்களை நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவா. சத்தம் வராது. நீ சொல்லிரு, கேட்டியா?"

"சரி. வை."

மாமியார் வாளியை வாங்கி, முகர்ந்து பார்த்து, புளி போட்டு இரண்டு தடவை தேய்த்தாள்.

மறுநாள் காலையில் சுகிர்தா அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தபோது, மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஜெனோவாவின் பெயரை, 'னோ'வை ரொம்ப நீட்டிக் கூப்பிட்டாள். சுகிர்தா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு "உள்ளேன் ஐயா" என்றாள். அன்றைக்கு ஐந்தாம் வார்டில் டூட்டி என்று அந்தக் குரல் சொன்னது. சுகிர்தா பால் பொங்குவதற்கு முன் அடுப்பை அணைத்துவிட்டு, குழாயடிக்குப் போய், வார்டுக்குப் போகிற நர்சைப்போல முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.